பழைய பெட்டிக்குள் பாட்டனார் காகிதம்

புதிய கம்ப்யூட்டரோடு பழைய ஹார்ட் டிஸ்க் ஒத்துப்போகுமா?

- நமது சூரியநெல்லி நிருபர்

சூரியநெல்லி பஜாரிலும் சின்னக்கானலிலும் ஒரு காலத்தில் ஸ்டூடியோ, டி.டி.பி. சென்டர் என்று போர்டு மாட்டியிருந்தவர்கள் பலரும் இன்று வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். ஒருவர் ஜீப்பு ஓட்டுகிறார். விடியற்காலையில் கொழுக்குமலைக்குச் சூரிய உதயம் பார்க்கப் போகிற டூரிஸ்டுகளை ஏற்றிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி மேலே போகிறார். இன்னொருவர் பூப்பாறைப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறார். எல்லார் கையிலும் செல்போன் வந்தபின் கல்யாணத்துக்கு மட்டும் ஸ்டூடியோக்காரரைத் தேடுகிற காலமாகிவிட்டது.

தொழில் போனாலும் பெட்டி போகவில்லை. கறுப்பு நிறம். தடித்த நோட்டுப் புத்தகம் அளவு. பின்பக்கம் ஒரு வயர். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் என்று சொல்லப்படுகிற இந்தப் பெட்டி, அலமாரியில் பழைய வெளிச்ச லைட்டுக்கும் ஆல்பம் அட்டைக்கும் நடுவில் கிடக்கிறது. 2006ம் ஆண்டு குறிஞ்சி பூத்தபோது மலையே நீலமாக நின்ற காட்சி அதில் இருக்கிறது. மாரியம்மன் கோயில் திருவிழா, மாதா கோயில் தேர், சடங்கு வீடு, சாவு வீடு, ரேஷன் கார்டுக்கு எடுத்த போட்டோ எல்லாம் இருக்கின்றன. அதில் சிரித்துக்கொண்டு நிற்கிற பலர் இன்று நம்மிடையே இல்லை.

இந்தப் பெட்டிகளைப் பற்றி இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. விண்டோஸ் 10 என்ற கம்ப்யூட்டர் அமைப்புக்கு அதைச் செய்த மைக்ரோசாப்ட் கம்பெனி 2025ம் ஆண்டு அக்டோபர் 14ந் தேதியோடு வழக்கமான பாதுகாப்பு உதவியை நிறுத்திக்கொண்டது. வீட்டில் இருந்த பழைய கம்ப்யூட்டரைக் கழித்துவிட்டுப் பலரும் புதிய லாப்டாப் வாங்குகிறார்கள். புதிய லாப்டாப்பில் பழைய பெட்டியைச் சொருக இடம் தேடினால், பொருந்துகிற துளையே இல்லை. "சரி, இது குப்பை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அவசரப்படக்கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

காகிதம் கேட்கும் சர்க்கார்

கல்லூரிக்குப் போகிற நமது பிள்ளைகளுக்கு ஜாதிச் சான்றிதழ் வாங்குவது இந்த மலையில் எவ்வளவு பெரிய பாடு என்பது வாசகர்களுக்குத் தெரியாததல்ல. தாழ்த்தப்பட்டோர் பட்டியல் பற்றிய ஜனாதிபதி உத்தரவு 1950ம் ஆண்டு ஆகஸ்டு 10ந் தேதி பிறந்தது. அதற்கு முன்பே உங்கள் குடும்பம் இந்த மண்ணில் குடியிருந்ததற்கு என்ன ஆதாரம் என்பதுதான் ஆபீஸில் கேட்கப்படும் முதல் கேள்வி. பாட்டனாரும் பூட்டனாரும் இங்கே தேயிலைச் செடி நட்டதும் கொழுந்து எடுத்ததும் வாஸ்தவம். அவர்கள் வெட்டிய ரோட்டில்தான் இன்றும் பஸ் ஓடுகிறது. ஆனால் ரோடு சாட்சி சொல்லாது. காகிதம்தான் சொல்ல வேண்டும்.

காகிதம் எப்படி இருக்கும்? லயத்து வீடு கம்பெனி வீடு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். வீடு மாறும்போதெல்லாம் ஒரு டிரங்குப் பெட்டி தொலைகிறது. மிச்சத்தை மழையும் கரையானும் பார்த்துக்கொள்கின்றன. 2020ம் ஆண்டு ஆகஸ்டு 6ந் தேதி இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியபோது 70 உயிர்கள் போயின. அந்த மண்ணுக்குள் போன வீடுகளில் காகிதம் மட்டும் தப்பியிருக்குமா?

இப்படித் தொலைந்த காகிதங்களில் சில, தொலைவதற்கு முன்னால் ஏதாவது ஒரு ஸ்டூடியோவின் ஸ்கேனர் வழியாகப் போயிருக்கின்றன. ஜெராக்ஸ் எடுக்க வந்தவரிடம், "ஒரு காப்பி கம்ப்யூட்டர்ல போட்டு வைக்கிறேன்" என்று சொல்லிப் போட்டு வைத்த காலம் அது. ஸ்கேன் பிரதியை அசலாக எந்த ஆபீஸும் ஏற்காது. அது சரிதான். ஆனால் எந்த எஸ்டேட், எந்த ரிஜிஸ்டர், என்ன நம்பர், என்ன தேதி என்ற விவரம் அதிலிருந்து கிடைத்துவிட்டால், அசல் எங்கே இருக்கிறதோ அங்கே மனுக் கொடுத்து நகல் கேட்கலாம். விவரமே தெரியாமல் "எங்கள் தாத்தா இங்கே வேலை பார்த்தார்" என்று போய் நிற்பதற்கும், நம்பரைச் சொல்லிக் கேட்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதை ரயில்வேயில் கணக்கெழுதும் எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

சென்ற மாதம் அப்படி ஒரு பெட்டியைத் திறக்கிற காரியத்தில் கூட இருந்து பார்த்தேன். கல்லூரியில் சேர வேண்டிய பையன். அவனுடைய சித்தப்பாதான் ஸ்டூடியோ வைத்திருந்தவர். 2009ல் குடும்பக் காகிதங்களை ஸ்கேன் செய்தது அவருக்கு ஞாபகம் இருக்கிறது. காகிதம் இல்லை. பெட்டி இருக்கிறது.

மீட்டர் கேஜும் பிராட் கேஜும்

முதல் தடை, வயர். மதுரையிலிருந்து போடி வரை ஓடிய மீட்டர் கேஜ் ரயில் 2010ம் ஆண்டு இறுதியில் நிறுத்தப்பட்டது. பிராட் கேஜ் ரயில் 2022ல் தேனிக்கும், 2023ம் ஆண்டு ஜூன் 15ந் தேதி போடிக்கும் வந்து சேர்ந்தது. மீட்டர் கேஜ் பெட்டியைப் பிராட் கேஜ் தண்டவாளத்தில் ஏற்ற முடியாது. கம்ப்யூட்டர் உலகம் இந்த விஷயத்தில் ரயில்வேயைவிடக் கொஞ்சம் தாராளம். யு.எஸ்.பி. என்ற இணைப்பு முறையின் இரண்டாம் பதிப்பு 2000த்திலும், மூன்றாம் பதிப்பு 2008லும் வந்தன. புதிய துளையில் பழைய பெட்டியைச் சொருகினால், புதியது தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு பழையதோடு பேசும். மூன்றாம் பதிப்புத் துளைக்குள் பெரும்பாலும் நீலநிற நாக்கு தெரியும்.

லாப்டாப் பக்கம் இருக்கிற துளைதான் மாறியிருக்கிறது. 2014ல் வந்த டைப் சி என்ற சிறிய நீள்வட்டத் துளை மட்டுமே சில புதிய லாப்டாப்புகளில் இருக்கிறது. நம்முடைய செல்போனில் சார்ஜ் ஏற்றுகிற அதே துளைதான். பழைய அகலமான முனையை அதில் சேர்க்க விரல்நுனி அளவில் ஒரு கன்வர்ட்டர் விற்கிறார்கள். செல்போன் ரிப்பேர்க் கடைகளில் ஓ.டி.ஜி. என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.

இந்த மலைக்கு இது புதிய சங்கதியல்ல. மூணாறிலிருந்து குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன் வரை 1902ல் ஒற்றைத் தண்டவாளம் போட்டு மாடு கட்டி இழுத்தார்கள். 1908ல் அதுவே இரண்டடி அகல ரயிலாயிற்று. தேயிலைப் பெட்டி டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் வரும். அங்கே இறக்கி ரோப்வேயில் மாட்டினால் கீழே கொட்டகுடிக்குப் போகும். அங்கிருந்து வண்டியில் போடி. ஒரே தேயிலைப் பெட்டி, மூன்று விதமான வண்டி. இடையில் மாற்றி ஏற்றுவதற்கு ஆள் இருந்தால் போதும். 1924ம் ஆண்டு வெள்ளத்தில், மலையாளத்துக்காரர்கள் 99ம் ஆண்டு வெள்ளம் என்கிறார்களே அதில், ரயில் அடியோடு போயிற்று. கன்வர்ட்டர் என்பது டாப் ஸ்டேஷனில் பெட்டி மாற்றுகிற வேலையைத்தான் செய்கிறது.

பெட்டிப் பக்கம் இருக்கிற முனையிலும் வகைகள் உண்டு. மேஜைமேல் வைக்கிற பெரிய பெட்டிக்குப் பிரின்டரில் இருப்பது போன்ற சதுர முனை. சட்டைப் பையில் வைக்கிற சிறிய பெட்டியில் பழையதாக இருந்தால் மினி முனை, பிறகு வந்ததாக இருந்தால் இரண்டு பல்லாகப் பிரிந்த தட்டை முனை. வயரைத் தொலைத்தவர்கள் பெட்டியையே கடைக்குக் கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து வாங்குவது நல்லது. சார்ஜ் மட்டும் ஏற்றுகிற மலிவு வயர் சிலவற்றில் தகவல் போகிற கம்பியே இருக்காது. அதைப் போட்டுவிட்டு டிஸ்க் கெட்டுவிட்டது என்று வருத்தப்பட்டவர்கள் உண்டு.

கரண்ட் விஷயத்தில் ஜாக்கிரதை

பையன் கொண்டுவந்தது பெரிய பெட்டி. அதற்குத் தனிக் கரண்ட் வேண்டும். அடாப்டர் இல்லை. பையனுடைய லாப்டாப் சார்ஜரின் முனை அந்தத் துளையில் கச்சிதமாக உட்கார்ந்தது.

"அண்ணே, இதுவே சேருது" என்றான்.

சித்தப்பா ஓடிவந்து கையைப் பிடித்தார். "டேய் டேய், எடுறா. சேர்ந்தாப் போதுமா? அது பத்தொம்பது வோல்ட்டுடா!"

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பெரிய டிஸ்க் பெட்டிகளுக்குப் பொதுவாக 12 வோல்ட். பெரும்பாலான லாப்டாப் சார்ஜர் 19 வோல்ட்டை ஒட்டிக் கொடுக்கும். மாற்றிப் போட்டால் பெட்டிக்குள் இருக்கிற மின்பலகை கருகும். அதோடு டிஸ்கின் சொந்தப் பலகையும் போகலாம். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கிற சீட்டைப் பார்க்க வேண்டும். வோல்ட் அதேயாக இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ அதற்கு மேலோ இருக்கலாம், குறையக்கூடாது. முனையில் நடுப்பக்கம் பிளஸ்ஸா மைனஸா என்று ஒரு சிறு படம் போட்டிருக்கும், அதுவும் ஒத்துவர வேண்டும். இந்த மூன்றும் ஒத்த அடாப்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அன்றைக்கு வேலை அதோடு நின்றது. அடாப்டர் வாங்க மூணாறுக்குப் போய்வர ஒரு நாள்.

சிறிய பெட்டிக்குத் தனிக் கரண்ட் வேண்டாம், கம்ப்யூட்டரிலிருந்தே எடுத்துக்கொள்ளும். இரண்டாம் பதிப்புத் துளை கொடுக்கக்கூடியது 500 மில்லி ஆம்பியர். மூன்றாம் பதிப்பு 900. டிஸ்க் முதலில் சுழல ஆரம்பிக்கும்போது அதிகம் கேட்கும். அதனால்தான் பழைய பெட்டிகளோடு இரண்டு தலையுள்ள வயர் கொடுத்தார்கள். பழைய கம்ப்யூட்டரில் டிக் டிக் என்று சத்தம் போட்டு நின்றுபோன சிறிய பெட்டி, புதிய கம்ப்யூட்டரில் ஒழுங்காகச் சுழன்றால் ஆச்சரியப்பட வேண்டாம். கரண்ட் பசிதான் அதுவரை நோயாக இருந்திருக்கிறது.

நமது ஊருக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். மார்கழிக் குளிரில் பூட்டிக் கிடந்த அறையிலிருந்து பெட்டியை எடுத்து, அடுப்பு எரிகிற அறைக்குக் கொண்டுவந்து உடனே சுவிட்சைப் போடாதீர்கள். மூக்குக்கண்ணாடியில் பனி படிகிற மாதிரி உள்ளேயும் ஈரம் படியும். இரண்டு மூன்று மணி நேரம் சும்மா வையுங்கள். டிஸ்க் என்பது நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுழலும் தட்டு. அதன்மேல் படிக்கிற முனை தட்டைத் தொடாமல், தலைமயிரின் கனத்தில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு உயரத்தில் மிதக்கிறது. ஓடாதபோது ஜீப்பில் கொண்டுபோகலாம், துணியில் சுற்றினால் போதும். ஓடிக்கொண்டிருக்கும்போது மேஜையை இடித்தால்கூட ஆபத்து.

'பார்மட் செய்யவா?'

அடாப்டர் வந்தது. பச்சை விளக்கு எரிந்தது. தட்டு சுழல்கிற சத்தம் கேட்டது. பையனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. லாப்டாப் திரையில் ஒரு கட்டம் வந்தது. இந்த டிஸ்கை உபயோகிக்க வேண்டுமானால் முதலில் பார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா என்று கேட்டது.

எத்தனையோ குடும்பத்துப் போட்டோக்கள் போன இடம் இதுதான். கம்ப்யூட்டர் மரியாதையாகக் கேட்கிறது, நாமும் மரியாதையாகச் சரி என்று தட்டிவிடுகிறோம். பார்மட் என்றால் பழைய கணக்குப் புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுத ஆரம்பிப்பது. தகவல் வேண்டுமென்றால் வேண்டாம் என்ற பொத்தானைத்தான் அழுத்த வேண்டும்.

ஏன் அப்படிக் கேட்கிறது? பல காரணங்கள் உண்டு. ஆப்பிள் கம்ப்யூட்டரில் உபயோகித்த டிஸ்க் வேறு முறையில் எழுதப்பட்டிருக்கும். விண்டோஸுக்கு அந்தப் பாஷை தெரியாது. தெரியாததை வெற்று டிஸ்க் என்று நினைத்துக்கொள்ளும். லினக்ஸில் எழுதிய டிஸ்கும் அப்படியே. அந்தந்த வகைக் கம்ப்யூட்டரில் போட்டால் ஒழுங்காகத் திறக்கும். சில சமயம் பொருளடக்கம் இருக்கிற பகுதி மட்டும் கெட்டிருக்கும். அதற்கு டெஸ்ட்டிஸ்க், போட்டோரெக் என்று இலவசமாகக் கிடைக்கும் கருவிகள் உண்டு. போட்டோரெக், பொருளடக்கம் இல்லாவிட்டாலும் பக்கம் பக்கமாகப் புரட்டிப் படங்களைப் பொறுக்கி எடுக்கும். எடுத்ததை அதே டிஸ்கில் போடாமல் வேறு டிஸ்கில் போட வேண்டும்.

பையனுடைய விஷயத்தில் காரணம் சாதாரணமானது. அதே பெட்டியை வேறு துளையில், நடுவில் எந்த ஹப்பும் இல்லாமல் நேராகச் சொருகியதும் திறந்துகொண்டது. ஆனால் உள்ளே ஒன்றுமில்லை! டிஸ்கில் பாதிக்கு மேல் நிரம்பியிருப்பதாகக் கணக்குக் காட்டுகிறது. போல்டர் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

பதினைந்து வருஷத்துக்கு முன் டி.டி.பி. சென்டர் வைத்திருந்த யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். அந்தக் காலத்து வைரஸ்கள் பென் டிரைவ் வழியாகத் தொற்றின. போல்டர்களை ஒளித்து வைத்துவிட்டு அதே பெயரில் போலிக் குறுக்குவழிகளை வைத்துவிடும். போலியை வைரஸ் தடுப்பு அழித்துவிட்டால், காண்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. ஒளிந்திருப்பதைக் காட்டு என்று விண்டோஸின் அமைப்பில் மாற்றினால், அமைப்புக் கோப்புகளை மறைப்பதையும் நிறுத்தினால், எல்லாம் மங்கலாகத் தெரியும். தெரிந்தது. 'கல்யாணம் 2007', 'சர்ச்', 'குறிஞ்சி', 'எஸ்டேட் பேப்பர்'.

சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. ஜீப்புக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தவர் திரும்பவும் உட்கார்ந்துவிட்டார்.

முதலில் நகல், பிறகு நாட்டியம்

திறந்த உடனே ஒவ்வொரு படமாகப் பார்க்க உட்காருவது மனித சுபாவம். கூடாது. பல வருஷம் தூங்கிய டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடும் என்று யாருக்கும் தெரியாது. மிக அவசியமானதை முதலில் நகல் எடுக்க வேண்டும். அதிலும் சினிமாவும் பாட்டும் கடைசி. எஸ்டேட் பேப்பர் முதல். 320 ஜிகாபைட் டிஸ்க் நிறைய இருந்தால், இரண்டாம் பதிப்பு யு.எஸ்.பி. வழியாக முழுவதும் எடுக்க மூன்று மணி நேரம் பிடிக்கும். நடுவில் கரண்ட் போனால் மறுபடியும். லாப்டாப்புக்குப் பாட்டரி இருக்கிறது, பெரிய பெட்டிக்கு இல்லை. இடி மின்னல் நேரத்தில் ஆரம்பிக்கவே வேண்டாம்.

நகல் எடுக்கும்போது 'அனுமதி இல்லை' என்று ஒரு தடை வரலாம். பழைய கம்ப்யூட்டரின் சொந்தக்காரர் பெயரில் பூட்டிய போல்டர் அது. புதிய கம்ப்யூட்டரில் நிர்வாகி அதிகாரத்தோடு உள்ளே போய் உரிமையை மாற்றிக்கொண்டால் திறக்கும். நான்கு ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட வீடியோ ஒன்றை நகல் எடுக்கும்போது இடமில்லை என்று சொன்னால், நகல் போய்ச்சேர வேண்டிய பென் டிரைவ் பாட் 32 என்ற பழைய முறையில் இருக்கிறது என்று அர்த்தம். அந்த முறையில் தனிக்கோப்பு நான்கு ஜிகாபைட்டைத் தாண்ட முடியாது.

பெட்டி விளக்கே எரியவில்லை என்றாலும் நம்பிக்கையை விட வேண்டாம். பல சமயம் கெட்டிருப்பது டிஸ்க் அல்ல, அதற்கும் வயருக்கும் நடுவில் இருக்கிற சிறிய பலகை. பெட்டியைக் கழற்றி டிஸ்கை வெளியே எடுத்து வேறு கூட்டில் போட்டால் வேலை செய்யும். மிகப் பழையதில் 40 ஊசியுள்ள அகலமான ஐ.டி.இ. முனை, பின்னால் வந்ததில் மெல்லிய சாட்டா முனை. அதற்கேற்ற கூடு வாங்க வேண்டும். ஒரு எச்சரிக்கை. வெஸ்டர்ன் டிஜிட்டல் கம்பெனியின் சில மாடல்களில் அந்தச் சிறிய பலகையே தகவலைச் சங்கேதமாக மாற்றி எழுதுகிறது. பலகையைப் பிரித்துவிட்டால் டிஸ்க் நன்றாக இருந்தும் ஒரு வரி படிக்க முடியாது. மாடலைப் பார்த்துக்கொண்டு கை வைக்க வேண்டும். தட்டு உரசுகிற சத்தமோ, திரும்பத் திரும்ப 'டக் டக்' என்ற சத்தமோ வந்தால் உடனே சுவிட்சை அணைத்துவிட்டு, இதற்கென்றே இருக்கிற தகவல் மீட்பு நிலையத்தை நாட வேண்டும். ஐஸ் பெட்டியில் வை, தட்டிப் பார் என்றெல்லாம் சொல்கிற கைவைத்தியத்தை நம்பிக் கெட்டவர்கள் அநேகர்.

தமிழைக் காணோம்

'எஸ்டேட் பேப்பர்' போல்டரில் ஸ்கேன் படங்கள் ஏழெட்டு இருந்தன. கூடவே சித்தப்பா டைப் அடித்து வைத்த பட்டியல் ஒன்று. எந்தக் காகிதம் யாருடையது என்ற விவரம் அதில்தான். திறந்தால் ஒரு எழுத்துத் தமிழ் இல்லை! ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து, எலி ஓடிய மாதிரி வரிகள்.

ஹார்ட் டிஸ்க் பற்றி மற்ற பாஷைக்காரர்கள் எழுதுவதில் இந்தப் பாடு வராது. நமக்கு வரும். அந்தக் காலத்தில் தமிழ் டைப் அடிக்க ஒவ்வொருவரும் ஒரு எழுத்துரு வைத்திருந்தார்கள். பாமினி என்பது மிகப் பிரபலம். அது ஆங்கில எழுத்துக்குத் தமிழ்ச் சட்டை போட்டு விடுகிற முறை. சட்டையைக் கழற்றினால் உள்ளே ஆங்கிலம்தான். 1999ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்று பொது முறைகள் வகுத்தார்கள். வெளிநாட்டுத் தமிழர்கள் டிஸ்கி என்று ஒன்று வைத்திருந்தார்கள். யுனிகோட் என்ற உலகப் பொது முறையில் 1991லேயே தமிழுக்கு இடம் கொடுக்கப்பட்டிருந்தது. விண்டோஸில் அது வந்தது 2000ம் ஆண்டு பதிப்பில்தான். நமது கடைகளில் புழக்கத்துக்கு வர அதற்குப் பிறகும் பல வருஷம் ஆயிற்று.

ஆகவே தமிழைக் காணோம் என்றால் கோப்பு கெட்டுவிட்டது என்று அழிக்காதீர்கள். பாமினி எழுத்துருவைப் புதிய கம்ப்யூட்டரில் ஏற்றினால் பழைய முகம் திரும்ப வரும். அல்லது என்.எச்.எம். கன்வர்ட்டர், சுரதா என்பவர் செய்த பொங்கு தமிழ் போன்ற இலவச மாற்றிகளில் அந்த வரிகளை ஒட்டினால் யுனிகோட் தமிழாக மாறி விழும். பேஜ்மேக்கரில் செய்த கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், தொழிற்சங்கத் துண்டறிக்கை ஆகியவைதான் கஷ்டம். பேஜ்மேக்கரின் 7ம் பதிப்பு 2001ல் வந்தது, அதுவே கடைசி. அதைத் திறக்கப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை யாராவது வைத்திருக்க வேண்டும். எங்கள் பக்கம் ஒருவர் வைத்திருக்கிறார். கொழுக்குமலைத் தேயிலைத் தொழிற்சாலையில் 1930களில் வந்த பழைய எந்திரங்கள் இன்னும் ஓடுகிற மாதிரி, அதுவும் ஓடுகிறது.

மாற்றியில் போட்டதும் பட்டியல் தமிழில் வந்தது. நான்காவது வரியில் பையனின் பாட்டனார் பெயர். எதிரே ஸ்கேன் நம்பர். அந்தப் படத்தைத் திறந்தால் மடிப்பு விழுந்த, ஓரம் அரித்த எஸ்டேட் காகிதம். 1947ம் ஆண்டுத் தேதி. பக்கத்தில் ஆள் நம்பர்.

"இது என் பெரியப்பா கையெழுத்து இல்லியே, கைநாட்டுல்ல" என்றார் சித்தப்பா. பையன் அதைப் போனில் ஐந்து தடவை படம் எடுத்தான். டிஸ்கை நம்பவில்லை போலும்!

பழைய பெட்டிக்கு இனி என்ன வேலை?

நகல் எடுத்த பின் பழைய பெட்டியை என்ன செய்வது? புதிய கம்ப்யூட்டரோடு தினசரி வேலைக்கு வைத்துக்கொள்ளலாமா? கூடாது என்பதே என் அபிப்பிராயம். 'கிரிஸ்டல் டிஸ்க் இன்போ' என்ற இலவசக் கருவி டிஸ்க் இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை இடங்கள் கெட்டு ஒதுக்கப்பட்டன என்று காட்டும். நன்று என்று காட்டினால் இரண்டாவது நகல் வைக்க உபயோகிக்கலாம். எச்சரிக்கை என்று மஞ்சள் நிறத்தில் காட்டினால் சினிமா வைப்பதற்குக்கூட யோசிக்க வேண்டும். ஆயிரக்கணக்கான டிஸ்குகளை ஓட்டுகிற பேக்பிளேஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி 2013 முதல் கணக்கு வெளியிடுகிறது. பொதுவாகப் பார்த்தால் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்றிரண்டு கெடுகின்றன. வயது கூடக்கூட அது ஏறும். கெடுகிற அந்த ஒன்று நம்முடையதாக இருந்தால் நமக்கு நூற்றுக்கு நூறுதான்.

முக்கியமானதற்கு மூன்று நகல், அதில் ஒன்று வேறு ஊரில் என்பது போட்டோக்காரர்கள் கடைப்பிடிக்கிற வழக்கம். வேறு ஊர் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். அரிக்கொம்பன் யானை இருந்த ஊரில் இந்தக் கேள்வியே எழக்கூடாது. 2023ம் ஆண்டு ஏப்ரல் 29ந் தேதி சின்னக்கானலில் மயக்க ஊசி போட்டுப் பிடிக்கப்படுவதற்கு முன், அரிசிக்காக எத்தனை சுவர்களை அது தள்ளியது! அலமாரிக்குள் என்ன இருக்கிறது என்று யானை பார்ப்பதில்லை. ஒரு நகல் வீட்டில், ஒரு நகல் போடியில் மச்சான் வீட்டில் என்று இருக்கட்டும்.

விற்பதோ எறிவதோ என்றால் இரண்டு விஷயம். முதலாவது, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் எறியக்கூடாது. இங்கிலாந்து பக்கத்து வேல்ஸ் நாட்டில், நியூபோர்ட் ஊரைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹவல்ஸ் என்பவரின் ஹார்ட் டிஸ்க் 2013ல் குப்பைக்குப் போயிற்று. அதில் சுமார் 8,000 பிட்காயினுக்கான சாவி இருந்ததாம். குப்பைமேட்டைத் தோண்ட அனுமதி கேட்டு நகராட்சிமேல் வழக்குப் போட்டார். 2025 ஜனவரியில் ஹைகோர்ட் தள்ளுபடி செய்துவிட்டது. இரண்டாவது, வெறுமனே அழித்துவிட்டு விற்றால் போட்டோரெக் வைத்திருக்கிற எவரும் திரும்ப எடுத்துவிடலாம். ஸ்டூடியோ டிஸ்கில் இருப்பது ஊர்ப் பெண்பிள்ளைகளின் படம். முழு டிஸ்கின் மேலும் வேறு தகவலை ஒரு தடவை எழுதி மூடியபிறகே கைமாற்ற வேண்டும்.

சித்தப்பா விற்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டார். அதிலிருப்பது தன்னுடைய படங்கள் அல்ல, ஊராருடைய படங்கள் என்கிறார். லயத்தில் சொல்லி அனுப்பியிருக்கிறார். பென் டிரைவோ மெமரி கார்டோ கொண்டுவந்தால் அவரவர் வீட்டுப் படத்தை அவரவர் வாங்கிப்போகலாம். முதல் வாரம் நான்கு பேர் வந்தார்கள். ஒரு அம்மாள், 2008ல் இறந்துபோன தன் மகளின் ஞானஸ்நானப் படம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு முட்டுக்காட்டிலிருந்து வந்திருந்தார். இருந்தது. பிரிண்ட் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். பிரின்டர் இல்லை, மூணாறில் போட்டுத் தருவதாகச் சித்தப்பா வாங்கி வைத்திருக்கிறார்.

பையன், ஆள் நம்பரையும் தேதியையும் எழுதி, ஸ்கேன் பிரதியை இணைத்து, எஸ்டேட் ரிஜிஸ்டரில் அந்தப் பக்கத்தின் நகல் வேண்டுமென்று மனுக் கொடுத்திருக்கிறான். ரசீது கிடைத்திருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. படம் வாங்க வருகிறவர்கள் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு மேல் வரலாம். மற்ற நாளில் அவர் ஜீப்பில் மலைமேல் இருப்பார்.